நிலத்தடியில் வேலி ஏது?

சிவகங்கைச் சீமையிலே ஒக்கூர் என்றோர் ஊர் உண்டு. சங்கப் புலவர் வரிசையில் இடம்பெற்ற ஒக்கூர் மாசாத்தியார் இவ்வூரினர் என்று இங்குள்ளோர் பெருமையுடன் உரைப்பர். புலமைக்குப் பெயர் பெற்ற ஊர். ஆயினும் வானம் பார்த்த பூமி. ஆற்றுப் பாய்ச்சலை நம்பி ஏர் பூட்டும் பேறு தஞ்சைக்கு வாய்த்தது. இந்தப் பகுதிக்கு வாய்த்தவை கண்மாயும் ஏந்தலும் ஊருணியும் கிணறும். பெய்தால் நிரம்பும், பொய்த்தால் வெடிக்கும். இத்தகைய மண்ணில் ஒருவர் தம் நிலத்தில் இருநூறு அடி, நானூறு அடி, அதற்கும் கீழே என்று துளையிட்டுக்கொண்டே போகிறார். அவரைக் கேட்பார் உண்டா? அவர் எடுக்கும் நீர் அவருடையதுதானா? அடுத்த வயற்காரருக்கு அதில் உரிமை இல்லையா? அடுத்த வயலும் இல்லாத, குடியிருக்கக் குடிசை மட்டுமே உள்ள ஏழைக்கு?

‘முன்னாளில் இந்தக் கேள்விக்கே இடமில்லை, நீர் அனைவர்க்கும் பொதுவாக இருந்தது, நம் முன்னோர் அறவழி நின்றனர்’ என்று பழமை பேசுவோர் உண்டு. சான்று கேட்டால் ஊருணியைக் காட்டுவர். ஊருணியின் சிறப்பை நான் மறுப்பவனல்லன். செட்டிநாட்டு ஊர்களிலே, மாளிகையின் ஓட்டுக் கூரையில் விழும் மழை முற்றத்தில் இறங்கி, தெருவோரக் கால்வாயில் ஓடி, ஊருணியைச் சென்று சேரும்படி அமைத்தார்கள். குடிநீர் ஊருணியில் குளித்தல் ஆகாது, துணி வெளுத்தல் ஆகாது, மாடு இறங்குதல் ஆகாது. ஊருணியில் தேங்கிய நீர் மெல்ல மெல்ல மண்ணுள் இறங்கிச் சுற்றியுள்ள கிணறுகளை ஊறவைக்கும். எடுப்பதற்கு முன்னே கொடுத்துவைக்கும் அந்த ஏற்பாடு, எந்தப் பொறியியற் கல்லூரியிலும் பயிலாதார் கண்ட அறிவு. போற்றுவோம்.

ஆனால், அந்த ஊருணியின் படியிலே இறங்க யாருக்கு அனுமதி இருந்தது? பழமை பேசுவோர் இந்த இடத்தில் பேச்சை மாற்றுவர். அனுமதி முறை என்பது நேற்று அரசு அலுவலகத்தில் பிறந்ததன்று. ஊர்தோறும் அது இருந்தது; தாளில் எழுதப்படவில்லை, பிறப்பில் எழுதப்பட்டிருந்தது. சேரியிலே பிறந்தவர் பானையைக் கரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். எவரேனும் மனமிரங்கி மொண்டு ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும். ஊற்றாவிடில் மாட்டுக்குட்டையே கதி.

1924 ஆகஸ்டு மாதத்தில், நீதிக்கட்சியின் ஆட்சிக்காலத்தில், சென்னைச் சட்டசபையிலே இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையில் நடக்கவும், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் நீர் எடுக்கவும் எவருக்கும் தடை கூடாது என்பது அதன் சாரம். செப்டம்பர் 25-ஆம் நாள் அது அரசாணையாக வெளிவந்தது. எண்ணிப் பாருங்கள், கிணற்றில் நீர் மொள்ளலாம் என்று சொல்வதற்கு ஓர் அரசாணை வேண்டியிருந்தது! மூன்றாண்டுகள் சென்று, 1927 மார்ச்சு 20-இல், மராட்டியத்து மகாடு நகரில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சவுதார் குளத்துக்கு நடந்து சென்று நீர் அருந்தினார். அது பொதுக்குளமா, தனியார் குளமா என்ற வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்தில் முடிவுபெற 1937 ஆயிற்று.

நம் சீமையில் என்ன நடந்தது? ஒக்கூர் அந்நாளில் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சார்ந்தது; சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல்தான். அந்த இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதித்தனர். அவை போதா என்று 1931 ஜூனில் பதினொரு தடைகள் விதித்தனர். 1931-ஆம் ஆண்டுக் குடிமதிப்பை நடத்திய ஹட்டன் அவற்றைத் தம் நூலில் பதித்து வைத்துள்ளார். பெண்கள் மண் பானையில் மட்டுமே நீர் எடுக்க வேண்டும், செம்பும் பித்தளையும் தொடலாகாது. குடத்தைத் தாங்கும் சும்மாடு வைக்கோலாக இருக்க வேண்டும், துணியாக இருத்தல் கூடாது. பிள்ளைகள் எழுத்தறிதல் கூடாது, மாடு மேய்த்தலே அவர்க்கு உரியது. நீர்ச் சட்டங்களின் வரலாறு எழுதப் புகுவோர் இந்தப் பதினொன்றையும் அந்த வரிசையில் சேர்த்தே எழுதுதல் வேண்டும். எவர் எடுக்கலாம், எதில் எடுக்கலாம், தலைமேல் எதை வைத்து எடுக்கலாம் என்பது வரை நுணுகி நுணுகி விதி செய்திருக்கிறார்கள்! இன்றைய அரசு விதிகளுக்குக்கூட இத்துணை நுணுக்கம் வாய்க்கவில்லை.

பின்னர்ச் சட்டங்கள் வந்தன. 1938-இல் சென்னை மாகாணத்தில் குடிமைத் தடைகள் நீக்கச் சட்டம், 1950-இல் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் என்று வரிசையாக வந்து, பொதுக் கிணற்றையும் குளத்தையும் எல்லார்க்கும் திறந்துவிட்டன. ஏட்டளவிலேனும் திறந்துவிட்டன. எனினும் இச்சட்டங்கள் கைவைத்தவை ‘பொது’ எனப்பட்ட நீர்நிலைகளில். தனியார் நிலத்துக் கிணறு? அதன் அடியில் ஊறும் நீர்? அதற்கான விதி வேறோர் இடத்தில், நெடுந்தொலைவில் எழுதப்பட்டுவிட்டது. இங்கிலாந்திலே, ஒரு பஞ்சாலைக்காரரின் கிணற்றடியில்.

லங்காஷயரில் ஒருவர் தம் ஆலைக்கென 1821-இல் கிணறு வெட்டினார். 1837-இல் அண்டை நிலத்துக்காரர் நிலக்கரிச் சுரங்கம் தோண்டினார். கிணறு வற்றியது. ஆலைக்காரர் வழக்காடினார். 1843-இல் தீர்ப்பு வந்தது: ஒருவர் நிலத்தின் அடியில் உள்ளது, பாறையாயினும் மண்ணாயினும் நீராயினும், அவருடையதே. அதை அவர் தோண்டி எடுத்ததால் அடுத்தவர் கிணறு வற்றினால் அது வழக்குக்குரிய தீங்கு ஆகாது! 1859-இல் இன்னொருவர் வந்தார். வாண்டில் ஆற்றின் கரையில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஓடிய நீராலைக்காரர். கிராய்டன் நகரத்தார் பெருங்கிணறு வெட்டி ஊருக்கெல்லாம் நீர் வழங்க, ஆற்றுக்கு ஊறி வந்த நீர் குறைந்தது. பிரபுக்கள் சபைவரை சென்றார்; தோற்றார். 1895-இல் வந்த பிராட்போர்டு வழக்கோ எல்லாவற்றையும் விஞ்சியது. நகரின் குடிநீருக்குச் செல்லும் நிலத்தடி நீரை ஒருவர் தம் நிலத்தில் வேண்டுமென்றே மறித்தார். நகரத்தார் தம் நிலத்தை விலை கொடுத்து வாங்கட்டும் என்பது அவர் எண்ணம். அதற்கும் பிரபுக்கள் சபை சொன்ன விடை, அவர் எண்ணம் எதுவாயினும் உரிமை அவருடையதே என்பது.

இத்தகைய தீர்ப்புகளுக்கு அடிப்படை என்ன? அறியாமை. 1861-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநில நீதிமன்றம் அதை ஒளிக்காமலே சொல்லிற்று. நிலத்தடி நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது மறைபொருள். அதனை விதியால் கட்டுதல் இயலாது என்றது. என்னே விந்தை! அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 1856-இல், பிரான்சின் டிஜோன் நகரப் பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய உருளையினூடே நீரைச் செலுத்தி அளந்து, மண்ணினுள் நீர் ஓடும் வேகத்துக்குக் கணக்கு வகுத்து அச்சேற்றிவிட்டார். அறிவியல் கண்டுவிட்டதை நீதிமன்றம் மறைபொருள் என்றது. ஒகையோ அந்தத் தீர்ப்பைக் கைவிட 1984 ஆயிற்று. நம் ஊரில் தேங்காயை உள்ளங்கையில் நிறுத்தி, அது எழுந்து நிற்கும் இடத்தில் நீரோட்டம் என்று சொல்லி உழவரிடம் பணம் கொள்வாரைக் கண்டு நான் நகைப்பதுண்டு. சட்டப் புத்தகத்திலும் ஒரு தேங்காய் நெடுநாள் நிமிர்ந்து நின்றிருக்கிறது என்றறிந்தபின் நகைப்பு சற்றுக் குறைந்தது.

அந்த ஆங்கிலத் தீர்ப்புகளின் சாறு 1882-இல் நம் நாட்டுக்கு வந்தது. அவ்வாண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்துக்கும் பொருந்தியது. அதன் 7-ஆம் பிரிவின் விளக்கம் ஒன்று கூறுவது இது: வரையறுத்த கால்வழி ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் திரட்டவும் தன் விருப்பம்போல் பயன்படுத்தவும் நிலவுடைமையாளருக்கு உரிமை உண்டு. நிலம் யாருக்கோ நீர் அவருக்கு! நிலம் யாரிடம் இருந்தது என்பதை இந்த ஏட்டின் வாசகர்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. சிவகங்கை, 1803 முதல் நிலையான தீர்வையில் விடப்பட்ட ஜமீன். 1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை நிலத்துக்குமேல் ஓர் அதிகாரம் இருந்தது. ஜமீன் போன பின்னும் நிலமில்லாதோர்க்கு நிலத்தடி நீரில் ஒரு சொட்டும் உரிமையாக எழுதப்படவில்லை.

இத்தனைக்கும், 1882-இல் அந்த விதியால் பெருங்கேடு விளையவில்லை. காரணம் சட்டத்தின் நற்குணமன்று, மாட்டின் களைப்பு. கமலையில் பூட்டிய மாடுகள் எத்தனை சால் இறைக்க முடியுமோ அத்தனைதான். கிணறு ஆழமாக ஆழமாக மாடு நடக்க வேண்டிய தொலைவு கூடும். ஓரளவுக்குமேல் இறைப்பு கட்டாது. நிலத்தடி நீருக்கு அந்நாளில் காவலராக நின்றவை அந்த வாயில்லா உயிர்களே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரடு சாட்டர்டன் எனும் அதிகாரி சென்னை மாகாணத்தில் எண்ணெய் எஞ்சின் வைத்து நீரிறைக்கும் முறையைப் பரப்பினார். 1932-இல் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் கொங்கு நாட்டுக் கிணறுகளில் மின்சாரம் இறங்கிற்று. விடுதலைக்குப் பின் அது மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. மாடு களைக்கும், மோட்டார் களைக்குமோ?

அதன்பின் வந்தது துளை. சுத்தியலைக் குழியினுள்ளேயே இறக்கி, காற்றழுத்தத்தால் பாறையைப் பொடித்துக்கொண்டு போகும் எந்திரம், 1960-களின் வறட்சிக் காலத்தில் இந்தியாவில் பெருவழக்காகத் தொடங்கியது. மாதக்கணக்கில் வெடிவைத்து வெட்டிய ஆழத்தை அது ஒரு நாளில் எட்டும். பின்னாளில் திருச்செங்கோடு அத்தொழிலுக்குத் தலைநகராயிற்று. அவ்வூர் ‘ரிக்’ வண்டி போகாத மாநிலம் இந்தியாவில் அரிது. எந்திரத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. பகுத்தறிவாளர் எந்திரத்தைப் பழித்தல் தகாது. துளைக் கிணறும், 1970-களில் கோவைப் பகுதியில் சோதித்துச் சீராக்கிய ‘இந்தியா மார்க்-2’ கைப்பம்பும் சேரிக்குள் வந்த நாளில், கரையில் நின்று ஊற்றச் சொல்லி இரக்கும் இழிநிலை பல்லாயிரம் தாய்மார்க்கு நீங்கியது. தம் தெருவில், தம் கையால், தம் குடத்தில்! இரும்புக் கைப்பிடி ஒன்று செய்த சீர்திருத்தம் அது. எந்திரம் வந்தும் மனம் திருந்தவில்லை என்பதற்கு அண்டை மாவட்டமே சான்று. புதுக்கோட்டையின் வேங்கைவயலில், ஆதிதிராவிடர் குடியிருப்புக்கு நீர் வழங்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது 2022 டிசம்பரில் வெளிப்பட்டதை நாடறியும்.

குடிநீர்த் துளை ஒருபுறம் இருக்க, பாசனத் துளையின் கதை வேறு. 1984-இல் சிறு உழவருக்கும், 1990-இல் உழவர் அனைவருக்கும் தமிழ்நாட்டில் கட்டணமில்லா மின்சாரம் கிட்டியது. ஆற்றுப் பாசனத்தார்க்கு அரசு அணை கட்டித் தந்தபோது, கிணற்றுப் பாசனத்தார் தம் கைப்பொருளில் கிணறு வெட்டினர். அவர்க்கு இந்தச் சலுகை நியாயமே. ஆனால் இலவச மின்சாரம் பம்பு உடையவருக்குத்தான் பயன். ஆழத் துளைக்கும் வசதி உடையவருக்கு அதிகம் பயன். நாற்பதடிக் கிணற்றை நம்பிய சிறு உழவரின் வேலிக்கு அப்பால், நானூறடித் துளை இறங்கினால் என்ன ஆகும்? சிவகங்கைப் பக்கம் பாறை நிலம். மேலே சிதைந்த பாறையடுக்கிலும், கீழே வெடிப்புகளிலும்தான் நீர் நிற்கும். காரைக்குடிக்கு வாய்த்த சம்பை ஊற்றின் சுவைநீர்போல் மணற்படுகையில் தேங்கிய நீர் எல்லா ஊர்க்கும் இல்லை. வெடிப்பு ஒன்றோடொன்று தொடர்ந்திருந்தால், கீழே உறிஞ்சுவது மேலே வற்றும். கணக்கு அவ்வளவே.

என் வகுப்பிலே நீர்ச்சுழற்சிப் பாடம் நடத்திய ஒருநாள், பின்வரிசைப் பையன் எழுந்தான். “சார், பக்கத்துத் தோட்டத்துல போர் போட்டாங்க. எங்க கிணறு வத்திப்போச்சு. இப்ப அவங்க எடுக்கிறது அவங்க தண்ணியா, எங்க தண்ணியா?” என்றான். பாடநூலில் விடை இல்லை. சட்டநூலில் விடை உண்டு; அதைச் சொல்ல எனக்கு நாவெழவில்லை. லங்காஷயர் ஆலைக்காரருக்குச் சொன்ன விடைதானே அது.

அரசுகள் இதை உணராமல் இல்லை. 1970-இலேயே நடுவணரசு நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுக்கு மாதிரி மசோதா ஒன்றை வரைந்து மாநிலங்களுக்கு அனுப்பியது. தமிழ்நாட்டில் முதலில் விழித்தது தலைநகரம். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் இறைத்த இறைப்பில், நன்னீர் விலகிய இடத்தில் கடல்நீர் புகுந்தது. 1987-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. கிணறு தோண்ட அனுமதி, வணிகத்துக்கு எடுக்கவும் லாரியில் கொண்டுசெல்லவும் உரிமம் என்று அது விதித்தது. தலைநகரையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் தாண்டி அதன் கை நீளவில்லை. 1996-இல் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணையின்படி, 1997 சனவரியில் மத்திய நிலத்தடி நீர் ஆணையம் அமைந்தது.

மாநிலம் முழுமைக்குமான சட்டம் 2003-இல் வந்தது. தமிழ்நாடு நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டம். ஆணையம் ஒன்று அமைப்போம், கிணறுகளைப் பதிவு செய்வோம், புதுக்கிணற்றுக்கு அனுமதி வழங்குவோம் என்றெல்லாம் அழகுற எழுதியிருந்தனர். நடைமுறைக்கு வர விதிகள் வகுக்க வேண்டும். வகுக்கப்படவில்லை. ஓராண்டன்று ஈராண்டன்று, பத்தாண்டுகள்! 2013-இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. ஒருநாளும் நடைமுறைக்கு வராமலே மறைந்த சட்டம் அது. இந்தப் பத்தாண்டில் எத்தனை துளைகள் இறங்கின என்று எண்ணியிருந்தாலாவது ஒரு பயன் விளைந்திருக்கும்.

2014 சூலையில் பொதுப்பணித்துறையின் 142-ஆம் எண் அரசாணை வந்தது. குறுவட்டம் குறுவட்டமாக, அதாவது பிர்க்கா பிர்க்காவாக, நிலத்தடி நீரைக் கணக்கிட்டு வகைப்படுத்தினர். அளவுக்கு மீறி எடுக்கப்பட்ட பகுதியிலும் அபாயக்கட்டப் பகுதியிலும் நிலத்தடி நீரை நம்பிய புதுத்திட்டம் கூடாது. பாதுகாப்பான பகுதியில்கூடத் தடையின்மைச் சான்று வேண்டும். வீட்டுத் தேவைக்கும் அரசின் குடிநீர்த் திட்டத்துக்கும் விலக்கு என்றனர். கணக்கு என்ன சொல்கிறது? 2020-ஆம் ஆண்டின் மதிப்பீட்டில், தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 435 அளவுமீறிய வகை, 63 அபாயக் கட்டம், 225 அதை நெருங்கும் நிலை, 34 உவர்நீர். பாதுகாப்பானவை 409. மூன்றில் இரு பங்கு நலிந்துவிட்டது. குடிநீர் அடைத்து விற்போர் இந்த ஆணையை எதிர்த்து வழக்காடினர். 2018 அக்டோபர் 3-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணை செல்லும் என்றது. நிலத்தடி நீர் பொதுச்சொத்து என்றும், அனுமதியின்றி அதை வணிகத்துக்கு எடுத்தல் அந்நாளைய தண்டனைச் சட்டப்படி திருட்டே என்றும் கூறிற்று. 1843-இல் உரிமை எனப்பட்டது 2018-இல் திருட்டு எனப்பட்டது. 175 ஆண்டுகள் நடந்து நீதி இவ்வளவு தொலைவு வந்திருக்கிறது. ஆயினும், திருட்டு என்ற சொல் லாரிக்காரரைச் சுட்டியது. 1882-இன் வரியோ ஏட்டில் அப்படியே கிடந்தது.

துளைக்கே தனியாக விதிகள் வந்ததன் காரணம் நீரன்று, குழந்தைகள். கைவிடப்பட்ட துளைகளில் பிஞ்சுகள் விழுந்து மாண்ட செய்திகள் பெருகவே, 2010-இல் உச்சநீதிமன்றம் தானே முன்வந்து நெறிகள் வகுத்தது. துளையிடப் பதினைந்து நாள் முன்னதாக அதிகாரிகளுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். துளையிடும் நிறுவனம் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். பணி நடக்கும்போது முள்வேலியும் அறிவிப்புப் பலகையும் வேண்டும். குழாயைச் சுற்றித் தரைக்குமேல் 30 செண்டிமீட்டர், கீழே 30 செண்டிமீட்டர் சிமெண்டு மேடை வேண்டும். வாயை இரும்புத் தகட்டால் மூட வேண்டும். கைவிடும்போது அடிமுதல் தரைவரை களிமண்ணோ மணலோ கல்லோ இட்டு நிரப்ப வேண்டும். தமிழ்நாட்டில் 2014-இல் ஊராட்சிச் சட்டம் திருத்தப்பட்டு, 2015-இல் கிணறு தோண்டலுக்கும் பாதுகாப்புக்கும் விதிகள் வெளிவந்தன. ஊராட்சியின் அனுமதியின்றித் துளை கூடாது என்று ஆயிற்று. 2019 அக்டோபர் 25-இல் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட துளையொன்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. நாடே நான்கு நாள் உறங்காமல் பார்த்திருக்க, 29-ஆம் நாள் உடலே மீட்கப்பட்டது. விதி எழுதப்பட்டிருந்தது, துளை திறந்திருந்தது. அந்தக் குழியை நிரப்ப ஒரு வண்டி மண் போதுமே என்று நினைக்கும்போது நெஞ்சு பதைக்கிறது.

அனுமதி கேட்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்ற வினாவுக்கு நம் எல்லைப்புறமே ஒரு களம் கண்டது. பாலக்காட்டு மாவட்டம் பெருமாட்டி ஊராட்சியில், பிளாச்சிமடை எனும் இடத்தில் 2000-இல் கொக்கோ-கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. சுற்றுக் கிணறுகள் வற்றின. எஞ்சிய நீர் கெட்டது என்று மக்கள் குமுறினர். 2002 ஏப்ரலில் பழங்குடி மக்கள் ஆலைவாயிலில் அமர்ந்தனர். மயிலம்மா எனும் எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி அப்போராட்டத்தின் முகமானார். 2003-இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. ஓர் ஊராட்சி, உலகளாவிய நிறுவனத்தை நோக்கி ‘நீர் தரமாட்டோம்’ என்றது! அதே 2003-இல் சிவகங்கையை அடுத்த படமாத்தூரிலும் குளிர்பான ஆலை வரவிருக்கிறது என்ற செய்தி கேட்டு நம் பக்கத்து உழவர்கள் திரண்டெழுந்து எதிர்த்தனர். பிளாச்சிமடை வழக்கில் 2003 டிசம்பர் 16-இல் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களுடையது, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்றார். 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. மேல்முறையீடு உச்சநீதிமன்றத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தது. 2004-லேயே மூடிய ஆலையை இனித் திறப்பதாக இல்லை என்று நிறுவனம் 2017-இல் சொல்ல, வழக்கு முடிந்தது. நீர் யாருடையது என்ற கேள்வி விடை பெறாமலே கோப்புக்குள் போயிற்று.

இனி ஒக்கூருக்கும் அதைப் போன்ற ஊர்களுக்கும் வருவோம். உழவருக்குத் தடை விதிக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. மத்திய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு நெறிகளும் உழவுக்கும் வீட்டுக்கும் ஊரகக் குடிநீருக்கும் விலக்கு அளித்தன. ஆனால் விலக்கு என்பது கணக்கிலிருந்து விலக்கு ஆகிவிடக் கூடாது. நூறு ஏக்கர்க்காரரின் பத்துத் துளையும், அரை ஏக்கர்க்காரரின் ஒற்றைக் கிணறும் ‘உழவு’ எனும் ஒரே சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும் நிலை நீதியாகுமா? 2015 விதிகளின்படி அனுமதி தர வேண்டியது ஊராட்சி. எனில் அனுமதிப் பதிவேடும் ஊராட்சியிலே இருக்க வேண்டும். அதில் துளையின் ஆழம், கிடைத்த நீர், பக்கத்துக் கிணற்றின் தொலைவு, கைவிட்ட துளையை மூடிய நாள் ஆகிய நான்கும் எழுதப்பட வேண்டும். குடிநீர்த் துளைக்கு அண்மையில் பாசனத் துளை இறங்காமல் காக்கும் துணிவு அந்தப் பதிவேட்டிலிருந்துதான் பிறக்கும். நிலமில்லாதாரும் கையுயர்த்திக் கேட்கக்கூடிய ஓர் இடம் ஊரில் உண்டு, கிராம சபை. அங்கே பட்டா கேட்பதில்லை. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றோடு, மார்ச்சு 22-ஆம் நாளாகிய உலகத் தண்ணீர் நாளிலும் கிராம சபை கூட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்தது. அந்த நாளில் பதிவேட்டைக் கொணரச் சொல்லுங்கள். நம் ஊரில் துளை எத்தனை, நீர் தருவது எத்தனை, மூடாமல் கிடப்பது எத்தனை, அவை யார் யார் நிலத்தில் என்று உரத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடிக்கும்வரை எவரும் எழுந்து போக வேண்டாம்.